அம்மாவுக்கு எந்தக் கிழமை லீவு?

கேள்வி: வயது 31. வீடு மார்த்தாண்டம் பக்கம், வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். சனி, ஞாயிறு லீவு இருந்தும் திங்கட்கிழமை ஆறு மணிக்கு எழும்போது அடித்துப் போட்டது போல இருக்கிறது. லீவு நாளில் பதினொன்றரை வரை தூங்குகிறேன். முட்டுவலியோடு அம்மாதான் கிழங்கும் மீன்கறியும் மாடிக்குக் கொண்டுவந்து எழுப்புவார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: முட்டுவலியோடு மாடி ஏறுகிறார் என்று தெரிகிறது. தெரிந்தும் படுத்திருக்கிறீர்கள். உங்கள் அசதியைப் பற்றி அப்புறம் பேசலாம், தம்பி. முதலில் இதைச் சொல்லுங்கள்: ஐந்து நாளும் இருட்டோடு எழுந்து உங்களுக்குச் சோறு கட்டுகிறவருக்கு எந்தக் கிழமை லீவு? மீன் வாங்கி, செதிள் எடுத்து, தேங்காய் அரைத்து, கிழங்கு அவித்து, அதற்குமேல் படியும் ஏற வேண்டுமா? சம்பாதிக்கிற பிள்ளை என்றால் தட்டு தேடி வரும் என்று எந்த ஊரில் எழுதிவைத்திருக்கிறது? கல்யாணம் ஆனால் அந்தத் தட்டு இன்னொரு பெண்ணின் கைக்கு மாறும், அவ்வளவுதான். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் குற்றவாளி ஆபீஸ்தான்!

உங்களைப் படுத்துவது அந்தப் பதினொன்றரை மணி. ஆறுக்கும் பதினொன்றரைக்கும் இடையே ஐந்தரை மணி நேரம். குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் அதே ஐந்தரைதான். வெள்ளி இரவு விமானம் ஏறி ஞாயிறு இரவு திரும்பியவர் மாதிரி திங்களன்று எழுகிறீர்கள். ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோனெபெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 2006-லேயே இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக் காலை வெயில்தான் முன்னே இழுக்கும். நீங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடக்கிறீர்கள். ராத்திரி போன் வெளிச்சம் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பகலெல்லாம் தூங்கியவருக்கு ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

லீவு நாளிலும் ஏழு மணிக்குள் எழுந்துவிடுங்கள். மத்தியானம் கண்ணைச் சுழற்றினால் அரைமணி படுக்கலாம். ஒழுங்காகத் தூங்கியும் எல்லா நாளும் அசதி இருந்தால் ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எழுந்து என்ன செய்ய என்று கேட்காதீர்கள். மீன் வாங்கப் போங்கள், வெயிலும் படும். வெட்டிக் கழுவுவதும் உங்கள் வேலைதான். தெரியாவிட்டால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். சாப்பாடு கீழே, அவரோடு.

ராஜினாமாவைப் பற்றி ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். அம்மாவை முட்டுவலிக்கு எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.