லீக் இல்லையென்றால் காஸ் எங்கே போகிறது?

கேள்வி: என்னுடையது 1997ஆம் ஆண்டு கொரோலா 110. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஏசி குளிர் குறைகிறது. ஒவ்வொரு முறையும் வக்கியூம் போட்டு (பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), "அரை மணித்தியாலமாக மீற்றர் முள் அசையவில்லை, லீக் இல்லை" என்று சொல்லிக் காஸ் அடித்துவிடுகிறார்கள். அப்படியென்றால் காஸ் எங்கே போகிறது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: லீக் இருக்கிறது. ஏசி காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீருகிற சாமான் அல்ல.

வக்கியூமில் முள் அசையாததை நம்பவேண்டாம். அப்போது வெளிக்காற்று உள்ளே தள்ளுவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவாக. ஏசி ஓடும்போதோ, எங்கள் வெயிலுக்கு, கண்டென்சர் (காஸின் சூட்டை வெளியே விடுகிற, முன்பக்கத்து ரேடியேற்றர் மாதிரியான பகுதி) பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் வெளியே தள்ளும். முதலாவதில் ஒட்டிக்கொண்டு நிற்கிற கிழட்டு ஓ-ரிங் (மூட்டில் போடும் ரப்பர் வளையம்) இரண்டாவதில் வழிவிடும். வக்கியூம் ஈரத்தை எடுக்கத்தான். லீக் பிடிக்க நைதரசன் வேண்டும். மிச்சக் காஸை மெஷினில் இறக்கிவிட்டு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பூட்டி 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை பூசச் சொல்லுங்கள். டயருக்கு அடிக்கிற காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். ஒட்சிசன் சிலிண்டர் பக்கமே போகக்கூடாது. ஓயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

கராஜுக்குப் போகமுதல் எஞ்சினைக் கழுவாதீர்கள். காஸோடு ஓயிலும் கசிவதால் ஓட்டை உள்ள இடத்தில் தூசி கறுப்பாக அப்பியிருக்கும், அதுதான் சாட்சி. கொம்பிரசர் கிளச்சுக்கு நேரே பொனட்டின் உட்புறத்தில் எண்ணெய்க் கோடு தெறித்திருந்தால் கொம்பிரசர் தண்டைச் சுற்றியிருக்கும் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. காஸ் ஏற்றும் வாயின் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு நுரை வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கிற சின்ன வால்வை மாற்றினால் போதும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கண்டென்சரின் கீழ் விளிம்பை. அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா பாருங்கள். வெளியே எங்கும் இல்லையென்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில். காஸ் காற்றைவிடப் பாரமானது என்பதால் கொயில் தண்ணீர் வடியும் குழாய் வாயில் காஸ் கசிவைக் காட்டும் டிடெக்டரைப் பிடித்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை நைதரசன் ஏற்றமுதலே, காஸ் உள்ளே இருக்கும்போது செய்யவேண்டும்.

கழற்றிய மூட்டுக்கெல்லாம் 134ஏ காஸுக்கு உரிய புது ஓ-ரிங், ஏசி ஓயில் தடவி. இரண்டு ஸ்பானர் பிடித்துத்தான் இறுக்கவேண்டும், ஒன்றால் இறுக்கினால் பைப் முறுகும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரையும் மாற்றுங்கள். பிறகு 45 நிமிடம் வக்கியூம். காஸை மீற்றர் முள்ளைப் பார்த்து மட்டிடாமல், பொனட்டுக்குக் கீழே உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் நிறுத்து ஏற்றுங்கள்.

கேள்வி: லீக் அடைக்கிற டின் மருந்தை ஏற்றினால் இவ்வளவு செலவு மிஞ்சாதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மிஞ்சாது. அது ஈரம் பட்டால் இறுகுகிற சாமான். உள்ளே ஈரம் இருந்தால் கூலிங் கொயிலுக்குள் காஸை விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் இறுகும். மருந்து ஏற்றிய வண்டியென்று தெரிந்தால் காஸ் மெஷின் வைத்திருப்பவர்கள் பூட்டவும் மாட்டார்கள்.