கைவினைப் பெட்டியை வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

கோடை விடுமுறை நெருங்கினாலே குழந்தைகளின் கைவினைப் பெட்டிகள், களிமண், வண்ணங்கள் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. இந்த வாரம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: "101 பொருள்கள்" என்று படம் போட்டிருந்த கைவினைப் பெட்டியை என் 4 வயது மகனுக்காக இணையத்தில் 1,299 ரூபாய்க்கு வாங்கினேன். 60 ஐஸ் குச்சிகளையும் 30 பொத்தான்களையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் 101 என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். பசைக் குழாய் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
— வாசகி, சேலம்

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே பசை காய்ந்திருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது; ஆகவே பிரித்தது உங்கள் குற்றமாகாது. பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் சொல்கின்றன. முதலில் விற்பனைப் பக்கத்தை, அவர்கள் மாற்றுவதற்குள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெட்டியில் இருந்தவற்றை ஒரு பாயில் பரப்பிப் படம் பிடித்து, அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. 1,299 ரூபாய்க்காகவா இவ்வளவு அலைச்சல் என்று தளர்ந்துவிடாதீர்கள். அந்தத் தளர்ச்சியை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

வீட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தை இன்னொன்று இருந்தால், அந்த 30 பொத்தான்களை இன்றே எடுத்து மேலே வையுங்கள். 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதுதான் பொம்மைப் பாதுகாப்புச் சோதனையின் அளவுகோல்.

கேள்வி: தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் உருண்டைகள் 2 வயதுக் குழந்தையின் தொடு உணர்வுக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வாங்கக் கூடாது. விழுங்கினால் அது வயிற்றுக்குள்ளும் ஊறிப் பெருத்துக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது. வேகவைத்து ஆறவைத்த ஜவ்வரிசியில் பீட்ரூட் சாறு கலந்து ஒரு தட்டில் கொட்டிக் கொடுங்கள். குழந்தை வாயில் போட்டுக்கொண்டாலும் பதற வேண்டியதில்லை.

கேள்வி: கடையில் வாங்கும் விளையாட்டு மாவு இரண்டே வாரத்தில் காய்ந்துபோகிறது. வீட்டில் செய்ய முடியுமா? கடை மாவுதான் பாதுகாப்பானது என்கிறார் என் மாமியார்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: என் அனுபவத்தைச் சொல்லிவிட்டு உங்களுக்குப் பதில் சொல்கிறேன். என் மகளுக்கு 3 வயதாக இருந்தபோது ஒரு கண்காட்சியில் பன்னிரண்டு நிற மாவுப் பெட்டி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, நானும் தேடவில்லை. மறுநாள் காலையில் குழந்தையின் விரலிடுக்குகள் சிவந்து தடித்திருந்தன. மருத்துவர் பெட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவருக்குச் சொல்ல ஒரு வரியும் கிடைக்கவில்லை. அன்று முதல் அட்டையைப் படிக்காமல் குழந்தைகளுக்கு நான் எதையும் வாங்கியதில்லை.

இப்போது சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுக்காக விற்கப்படும் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பதால், அதனோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் என்பது வந்துவிடும். ஆகவே முத்திரை உள்ள கடை மாவைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வது சரிதான். முத்திரை இல்லாததற்கு அது பொருந்தாது.

வீட்டில் செய்வதும் எளிது. ஒரு கப் மைதா, அரை கப் உப்புத்தூள், ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் களிபோல ஒட்டும். ஐந்தாறு நிமிடத்தில் பாத்திரத்தை விட்டு விலகி உருண்டு வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் சப்பாத்தி மாவைப்போல் நன்றாகப் பிசையுங்கள். தண்ணீரில் பாதியைப் பீட்ரூட் சாறாக விட்டால் இளஞ்சிவப்பும், மஞ்சள்தூள் சேர்த்தால் மஞ்சளும் கிடைக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். நீர் விட்டாலோ வாடை மாறினாலோ தூக்கி எறிந்துவிடுங்கள். உப்பு அதிகம் என்பதால், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம். உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அரிசி மாவில் செய்யுங்கள்.

கேள்வி: மால் ஒன்றில் ஒருவர் என் 18 மாத மகளுக்கு ஓராண்டுக்கான "மூளை வளர்ச்சிச் செயல்பாட்டுப் பெட்டி" தருவதாகச் சொன்னார். 22,000 ரூபாயை அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பினேன். ரசீது வாங்கவில்லை. மூன்று பெட்டிகள் வந்தன. இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிறுவனத்தின் பெயர் தெரியாது, ரசீது இல்லை, பணம் போனதோ ஒரு தனிநபரின் எண்ணுக்கு. 22,000 ரூபாய்க்குத் துணிமணி எடுத்தால் பில் வாங்காமல் கடையைவிட்டு வெளியே வருவீர்களா? குழந்தையின் அறிவு என்று யாராவது சொல்லிவிட்டால் படித்த பெற்றோரும் இப்படி எச்சரிக்கையைக் கைவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. போனது போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணும் வாட்ஸ்அப் உரையாடலும் வந்த பெட்டிகளின் அட்டையும் சாட்சிகள்தான். 1915இல் பதிவு செய்யுங்கள். ஆள் தலைமறைவு என்று தெரிந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் சொல்லுங்கள்.

மற்ற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து, தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லாமல் ஒரு பொருள் அறிவுத்திறனைக் கூட்டும் என்று விளம்பரம் செய்வதை 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அப்படிப்பட்ட அட்டையைக் கண்டால் படம் எடுத்துப் புகார் அனுப்புங்கள். நல்ல செயல்பாடுகள் பணமில்லாமலும் கிடைக்கின்றன: தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கொண்டு வடிவியல் உருவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தவரும் 2018இல் பத்மஸ்ரீ பெற்றவருமான அரவிந்த் குப்தாவின் செய்முறைகளை, சற்று வளர்ந்த குழந்தைகளுக்காக, இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். "வீடு" மாடல் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேஷனரி கடையில் தெர்மோகோலில் செய்து முடித்ததாகவே 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எது தரமானது?
— வாசகி, சென்னை

பதில்: எதுவும் வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்குப் பல ஆண்டுகளாக மனக்குறை உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு வயதுக் குழந்தைக்கு வீட்டு மாடல் தேவையில்லை. அதைச் செய்யும்போது கைக்குக் கிடைக்கும் வேலைதான் தேவை. கிழிப்பது, மடிப்பது, ஒட்டுவது, கோப்பது ஆகிய நான்கையும் பழகிய விரல்தான் பின்னால் பென்சிலைச் சரியாகப் பிடிக்கும். கடைக்காரர் அந்த வேலையைச் செய்து முடித்து, மிச்சத்தை நமக்கு விற்கிறார். கைவினைப் பெட்டிகளிலும் இதே கதைதான்: எல்லாத் துண்டுகளையும் தொழிற்சாலையிலேயே வெட்டி, பின்புறம் ஒட்டும் தாளும் வைத்து, குழந்தைக்குத் தாளை உரித்து ஒட்டும் வேலையை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அண்மையில் என் அக்கா வீட்டில் அவருடைய பேத்தி தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முதலில் தாளை இரண்டு கையாலும் எதிரெதிரே இழுத்தாள், கிழியவில்லை. பிறகு ஒரு கையைக் கீழும் மறு கையை மேலும் நகர்த்தக் கண்டுகொண்டாள். நீளமாக ஒரு கீற்று வந்ததும் அதை ஒரு கணம் உயர்த்திப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் பசை தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டினாள். அதுதான் கூரை. முக்கால் மணி நேரம் அவள் எழுந்திருக்கவே இல்லை. மீதித் தாள்களில் இருந்த பெரிய எண்களை அவளுடைய பாட்டி 1 முதல் 31 வரை வரிசையாக அடுக்கச் சொன்னார். அன்றைய கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்தது.

எழுத்துக்கும் இப்படித்தான். 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் முறையில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவித் தடவி அறிந்துகொள்ளும். மென்மையான ரக உப்புத்தாளை ஹார்டுவேர் கடையில் வாங்கி, "அ", "ட", "ப" என்று வெட்டிப் பழைய அட்டையில் ஒட்டினால் அந்தப் பலகை வீட்டிலேயே தயார். "அ"வின் சுழியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை விரல் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆகவே மளிகைக்கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி மகனிடம் கொடுங்கள். கோணலாக வந்தால் கோணலாகவே பள்ளிக்கு அனுப்புங்கள். ஆசிரியை குறை சொன்னால், இதை அவனே செய்தான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணிப் பழக ஊரிலிருந்து பல்லாங்குழியும் ஒரு பை குன்றிமணியும் அனுப்பியிருக்கிறார் அம்மா. 5 வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, பெங்களூரு

பதில்: பல்லாங்குழியைக் கொடுங்கள், குன்றிமணியைக் கொடுக்காதீர்கள். அதன் உள்ளிருக்கும் நஞ்சு கடுமையானது. கடித்தாலோ, கோப்பதற்காகத் துளையிட்டாலோ உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். கறுப்பு முனை இருந்தால் அது குன்றிமணி. ஆமணக்கு விதையும் ஆகாது. குழிக்கு ஐந்து வீதம் 14 குழிகளுக்கு 70 புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் விளையாடி முடித்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும்.

கேள்வி: திருவிழாவில் கைவினைஞர் ஒருவரிடம் மரச்சொப்பு வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. அவர் விற்றது குற்றமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருள்களுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் கொலுவில் வையுங்கள், குழந்தையிடம் வேண்டாம்.

கேள்வி: விரல் ஓவியத்துக்குக் கலர் கோலப்பொடியை மைதா பசையில் கலந்து கொடுக்கிறேன். சரியா?
— வாசகி, ஈரோடு

பதில்: பசை சரி, பொடி சரியில்லை. கோலப்பொடியில் என்ன சாயம் இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதில்லை. பசையிலும் ஒரு கவனம் வேண்டும்: பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் கடைக்காரர்களின் வழக்கம், அது நஞ்சு என்பதால் குழந்தைக்கான பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சி, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

நிறத்துக்கு மஞ்சளையும் பீட்ரூட்டையும் பயன்படுத்தலாம். வேலியில் சங்குப்பூ இருந்தால் பத்துப் பூக்களை வெந்நீரில் போட்டு வடிகட்டுங்கள்; நல்ல நீலம் இறங்கும். ஆறியபின் மூன்று கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, அடுத்ததில் எலுமிச்சைச் சாறும் மூன்றாவதில் சமையல் சோடாவும் சிறிதளவு குழந்தையையே போடச் சொல்லுங்கள். ஒன்று ஊதாவாகும், மற்றொன்று நீலப்பச்சையாகும். ஒரே பூவிலிருந்து மூன்று வண்ணங்கள் கிடைத்துவிடும்.