வீட்டிலுள்ள ஏ4 பிரிண்டரைக் கொண்டு பெரிய அறிவிப்புப் பலகை தயாரிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஒரே வடிவமைப்பைப் பல ஏ4 தாள்களாகப் பிரித்து அச்சிட்டு ஒட்டுவதே வழி. எட்டு ஏ4 தாள்கள் சேர்ந்தால் 594 × 841 மி.மீ. கொண்ட ஏ1 அளவு கிடைக்கும். ஆனால் பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டர்களை அச்சிடாமல் விட்டுவிடுவதால், வடிவமைப்பைச் சற்றுச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்க்ஸ்கேப் அல்லது லிப்ரே ஆபிஸ் டிரா போன்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளை அமைத்து, பிடிஎஃப் கோப்பாகச் சேமிப்பது நல்லது; எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்காது, எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் வேறு கணினியில் திறந்தாலும் தமிழ் எழுத்துகள் உடையாது. பிறகு அடோபி ரீடரின் அச்சுச் சாளரத்தில் ‘போஸ்டர்’ என்பதைத் தேர்ந்து, தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவை ஒரு சென்டிமீட்டராக வைத்து, வெட்டுக்குறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம் இருந்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள் போதும், ஏனெனில் பலகையை யாரும் கையில் பிடித்துப் படிப்பதில்லை.

ஒட்டும் வேலைக்குத்தான் உண்மையில் பொறுமை தேவை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தாளின் விளிம்பை மட்டும் இரும்பு அளவுகோல் வைத்து பிளேடால் வெட்டி, அடுத்த தாளின் வெட்டப்படாத ஓரத்தின் மேல், எழுத்தின் கோடுகள் நேராகச் சேருமாறு பொருத்துங்கள். நீர்த்த பசை தாளைச் சுருக்கிவிடும், பசைக்குச்சியே ஏற்றது.

வெளியே வைப்பதானால் லேசர் அச்சையே பரிந்துரைப்பேன்; சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரைந்து பரவும்.