10 ரூபாய்க்குக் கீழ இருக்கிற ஷேர்ல 50,000 போடலாம்னு இருக்கேன், ஏமாறாம இருக்க என்ன பாக்கணும்?

முதல்ல அந்த ஷேரை விக்க முடியுமான்னு பாருங்க, வாங்குறத அப்புறம் யோசிக்கலாம். இதை நான் 1,07,000 ரூபா சொச்சம் அழுது கத்துக்கிட்டது, அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

நீங்க டிமேட் (ஷேர் வச்சுக்கிற அக்கவுண்ட்) ஓப்பன் பண்ணி ஒரு வருஷம்கூட ஆயிருக்காதுன்னு நெனைக்கிறேன். பெரிய கம்பெனி ஷேர் 50,000க்கு இருவது கூட வரல, இதுவே 5 ரூபா ஷேர்னா பத்தாயிரம் வருது, ஒரு ரூபா ஏறினாலே பத்தாயிரம் லாபம்னு நைட்டு படுத்துக்கிட்டே கணக்குப் போட்டிருப்பீங்க. நானும் அதே கணக்குத்தான் போட்டேன்.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கிறேனுங்க. 2021 தீபாவளி போனஸ் வந்த கையோட என் மச்சினன் ஒரு டெலிகிராம் குரூப்ல சேத்து விட்டான், "மாமா, இந்த ஷேர் 50 ரூபா போறது கன்ஃபார்ம், யோசிக்காம எடுங்க"ன்னான். போனஸோட ஏலச்சீட்டு எடுத்த காசையும் சேத்து 14.20க்கு 10,000 ஷேர் வாங்கினேன். வாங்கும்போதே ஆப்ல ஒரு மஞ்சக் கட்டம் வந்துச்சு, இந்த ஷேர் கண்காணிப்புல இருக்கு, பாத்து வாங்குங்கன்னு. சரி எதுக்கோ கேக்குறான்னு டிக் அடிச்சிட்டுப் போயிட்டேன். ஏஎஸ்எம், ஜிஎஸ்எம்னு சொல்றது அதைத்தான், பங்குச் சந்தையே (எக்ஸ்சேஞ்ச்) போடுற கண்காணிப்பு லிஸ்ட் அது. அதுல இருக்கிறது எல்லாம் ஃப்ராடுன்னு நான் சொல்ல வரல, கமெண்ட்ல யாரும் அடிக்க வராதீங்க, ஆனா விலை தாறுமாறா ஏறி இறங்குது, இல்ல கம்பெனியோட நிலைமைக்கு ஒத்து வரலங்கிற மாதிரி காரணத்துக்குத்தான் அதுல போடுறாங்க.

ஜனவரில 22 தொட்டுச்சு. தினமும் அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளைக்கு ஏற விடுற உச்ச விலை, விக்க ஆளே இல்ல. 78,000 லாபம் காட்டுது, நான் 50க்குக் காத்துட்டு உக்காந்திருந்தேன். பொங்கல் முடிஞ்சு மார்க்கெட் தொறந்ததும் 20.90. அடுத்த நாள் 19.90. அப்புறம் 18.95. அஞ்சு பர்சன்ட் சர்க்யூட் உள்ள ஷேர்ங்க அது, ஒரு நாளைக்கு அதுக்கு மேல இறங்காது, அதனால பெருசா விழாதுன்னு நம்பிட்டிருந்தேன். அதுக்கு மேல இறங்காதுங்கிறதுனாலேயே அந்த விலைக்கு வாங்க ஒருத்தனும் வரமாட்டான்னு அப்ப தெரியல. நாளைக்கு இன்னும் கம்மியா வரும்னு தெரிஞ்சா எவன் இன்னைக்கு வாங்குவான்?

கம்பெனி பைக் ஸ்டாண்டுல, ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம, காலைல 8.55ல இருந்து போனை வச்சிட்டு நிப்பேன். ஒம்போது மணிக்கு செல் ஆர்டர் போட்டுப் பாத்தா வாங்குற பக்கம் அஞ்சு வரியும் ஜீரோ, விக்கிற பக்கம் 14 லட்சம் ஷேர் நிக்குது. ஒரே விலைன்னா முதல்ல போட்டவனுக்குத்தான் முதல்ல போகும், எனக்கு முன்னாடி எத்தனை பேரோ. மூணரை மணிக்கு ஆர்டர் கேன்சல்னு மெசேஜ் வரும்.

இதுல நான் பண்ணின கூத்து என்னன்னா, ஆறாவது நாள், குரூப் அட்மின் "ஆபரேட்டர் பயமுறுத்துறான், ஆவரேஜ் பண்ணுங்க"ன்னு போட்டாரு (ஆபரேட்டர்னா விலையை ஆட்டி வைக்கிறவன், ஆவரேஜ்னா இறங்கின விலைல இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கிறது), அன்னைக்கு செல் ஆர்டரே போடாம 16.30க்கு 4,000 ஷேர் வாங்கினேன். ஆர்டர் போட்ட செகண்ட்லயே கிடைச்சிருச்சு. அஞ்சு நாளா ஒரு ஷேர் கூட விக்க முடியாத இடத்துல 4,000 ஷேர் ஒரு செகண்ட்ல கிடைக்குதுன்னா அப்பவாவது உறைச்சிருக்கணுமில்ல? இதுல ஆவரேஜ் 14.20ல இருந்து 14.80 ஆச்சு. ஆவரேஜ் பண்ணி விலையை ஏத்திக்கிட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன், அதுவும் கணக்கு பாக்கிற வேலைல இருந்துக்கிட்டு.

இருபத்தி மூணாவது நாள் செல் ஆர்டர் ஓடுச்சு, 7.10க்கு. ஒரே ஒரு ஷேரை மட்டும் ஞாபகத்துக்கு விட்டுட்டு மிச்சத்தை எல்லாம் தள்ளினேன்.

அப்புறமா பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) சைட்டுல ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன், அதாவது யார் கைல எவ்வளவு ஷேர் இருக்குங்கிற கணக்கு, பாத்தேன். புரமோட்டர், அதாவது கம்பெனியோட முதலாளி, 48 பர்சன்ட்ல இருந்து 31க்கு வந்திருந்தாரு, சில்லறை ஆளுங்க எண்ணிக்கை பல மடங்கு. காலாண்டு முடிஞ்சு 21 நாளுக்குள்ள இதைப் போட்டாகணும், அப்ப நான் ஆவரேஜ் பண்ணின அன்னைக்கே அது சைட்டுல இருந்திருக்கு. நீங்க வேற எதையும் பாக்காட்டியும் நாலு காலாண்டு பேட்டர்ன வரிசையா வச்சுப் பாருங்க, புரமோட்டர் தன் ஷேரை அடகு வச்சிருக்காராங்கிறதும் அதுலயே இருக்கும். டிப்ஸ் வீடியோ எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்னா 2023 மார்ச்ல சாதனா பிராட்காஸ்ட் ஷேர் விஷயமா செபி (ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற அமைப்பு) போட்ட இடைக்கால உத்தரவப் படிங்க, யூடியூப் வீடியோவப் பாத்து சின்ன ஆளுங்க வாங்க வாங்க, முன்னாடியே வச்சிருந்தவங்க ஏறின விலைக்கு வித்துட்டு வெளிய வந்துட்டாங்கன்னு அதுல வருது.

இப்ப ஒருத்தர் வருவாரு, "சுஸ்லான் 2020ல ரெண்டு ரூபா பக்கம் இருந்துச்சு, வாங்கினவன் எங்கயோ போயிட்டான்"னு. போயிருக்கலாம். அதே ஷேரை 2008ல 400க்கு மேல வாங்கினவங்களும் இருக்காங்களே, அவங்களையும் கேளுங்க. அது காத்தாலை செஞ்சு விக்கிற கம்பெனி, கண்ணுக்குத் தெரியுது. நான் வாங்கின கம்பெனியோட ஆபீஸ் எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது.

பேராசை பட்டா இப்படித்தான்னு என்கிட்ட நிறைய பேர் சொல்லிட்டாங்க. சரிங்க, எங்கம்மா என்ன பேராசை பட்டாங்க? 2019ல எஃப்டி போடத்தான் பேங்க்குக்குப் போனாங்க, அங்க தெரிஞ்ச பையன், "அம்மா அம்மா"ன்னு கூப்பிட்டு உக்கார வச்சு காபி எல்லாம் குடுத்து, வருஷா வருஷம் கட்டுற யூலிப்புல (இன்சூரன்ஸும் முதலீடும் சேந்த பாலிசி) கையெழுத்து வாங்கிட்டான். அப்ப இருந்த விதிப்படி 15 நாளுக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் குடுத்திருக்கலாம், பாண்டு வீட்டுக்கு வந்தப்ப அதை எஃப்டி பேப்பர்னு நெனச்சு பீரோல வச்சு பூட்டிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது அடுத்த வருஷம் பிரீமியம் கேட்டு போன் வந்தப்பத்தான். அந்தப் பையனுக்கு மாத்தல் ஆயிருச்சு. அதுல என்னத்தைச் சொல்றது.

விட்டா பேசிட்டே இருப்பேன். இன்னொரு விஷயம், நஷ்டம் வந்தா ஐடிஆரை (வருமான வரிக் கணக்கு) டியூ டேட்டுக்குள்ள போட்டுடுங்க. போட்டா 8 வருஷம் வரைக்கும் அந்த நஷ்டத்தைப் பின்னாடி வர்ற ஷேர் லாபத்துல கழிச்சுக்கலாம். நான் 2022 ஜூலை 31ஐ விட்டுட்டு ஆகஸ்ட்ல போட்டேன், வீட்டுக்காரிக்குத் தெரியாம போடணும்னு நேரம் பாத்துட்டிருந்ததுல வந்த வினை. லேட் ஃபீசும் போச்சு, கழிக்கிற வாய்ப்பும் போச்சு.

50,000ஐயும் ஒரே ஷேர்ல போடாதீங்க. 2,000க்கு வாங்கி, ஒரு வாரம் கழிச்சு அதை வித்துப் பாருங்க.

அந்த ஒரு ஷேர் இன்னும் டிமேட்ல கிடக்கு, அதனால மெயில் வந்துட்டே இருக்கு. போன மாசம் வந்ததுல கம்பெனி பேரை மாத்தப் போறாங்களாம். நான் வாங்கும்போது சாஃப்ட்வேர்னு சொன்னாங்க. புதுப் பேர்ல கிரீன் எனர்ஜின்னு இருக்கு.