வழு அறிக்கைக்குப் பதில் வராதபோது
வணக்கம் ஐயா. தன்னார்வலர்கள் உருவாக்கும் செயலியில் பெற்றோர் ஆசிரியர் சங்க அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கினால் 'கொ', 'கோ' எழுத்துகளின் கொம்பு இடம் மாறுகிறது, அவர்களுக்கு வழு அறிக்கை (மென்பொருள் பிழையைத் தெரிவிக்கும் குறிப்பு) கொடுத்து எட்டு மாதமாகியும் பதிலில்லை என்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் ஆண்டுக்கூட்டம் நெருங்கும் நேரத்தில் கோபம் வருவது நியாயமே. ஆனால் அந்த வழு அறிக்கையில் அவர்களைப் "பொறுப்பற்றவர்கள்" என்று எழுதியதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவர்களில் பலர் வேலை முடிந்து வந்து, இரவில் சம்பளமின்றி நிரல் எழுதுகிறார்கள். பாதுகாப்பு ஓட்டை, கோப்பு அழிவது, செயலி முடங்குவது ஆகியவற்றைத்தான் முதலில் கவனிப்பார்கள். நெருக்குதல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளே சாட்சி: 2022இல் புகார்களால் நெருக்கப்பட்ட, அதைப் பராமரித்த ஒற்றைத் தன்னார்வலர் இன்னொருவருக்கும் பொறுப்பைப் பகிர்ந்தார், அந்தக் கணக்கின் வழியாகவே புகுந்த பின்கதவு (கள்ளத்தனமாக நுழைய வைத்த வழி) 2024இல் அம்பலமானது.

உங்கள் வழு அறிக்கையில் "தமிழ் சரியில்லை" என்று மட்டும் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாதவர் அதை வைத்து என்ன செய்வார்? ஒரே ஒரு சொல் உள்ள கோப்பு, கிடைத்த பிடிஎஃப், சரியான வடிவத்தின் படம், எழுத்துருவின் பெயர், செயலியின் பதிப்பு எண் ஆகியவற்றை இணையுங்கள். பழைய பதிப்பில் சரியாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். புதிதாக நுழைந்த வழு என்றால் தேடுவது எளிது.

அதற்கு முன், அதே சொல்லை அதே எழுத்துருவில் ஃபயர்பாக்ஸ் உலாவியில் பாருங்கள். அங்கும் உடைந்தால் எழுத்துருவின் மீதுதான் சந்தேகம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் கூட்டத்துக்கு அறிக்கை தயாராகிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமிருந்தால் விவரங்களைத் தமிழிலேயே அனுப்புங்கள், நான் மொழிபெயர்த்துத் தருகிறேன்.