புலியைப் பழக்கியா பூனை வந்தது?

கேள்வி: வீட்டுப் பூனைக்கும் புலிக்கும் மரபணுக்கள் 95 சதவீதத்துக்கு மேல் ஒன்றுதான் என்று அறிவியலாளர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால், நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் புலியைப் பழக்கிச் சிறிதாக்கியதுதானே பூனை? அது இல்லையென்றால், எங்கள் கரும்புத் தோட்டத்தில் திரியும் காட்டுப்பூனையாவது அதன் மூதாதையாக இருக்க வேண்டுமே?
– ஒரு வாசகர், தேனி

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் சொல்லும் எண் சரிதான். அதைக் கொண்டு நீங்கள் செய்துகொண்ட முடிவுதான் தவறு. சைபீரியப் புலியின் மரபணுத்தொகுதியை 2013-இல் முழுமையாகப் படித்து வெளியிட்டவர்கள், அதற்கும் வீட்டுப் பூனைக்கும் 95.6 சதவீத ஒற்றுமை இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதே கட்டுரையில் மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் 94.8 சதவீதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வாதத்தை ஏற்றால், யாரோ கொரில்லாவைப் பழக்கித்தான் நம்மை உண்டாக்கினார்கள் என்றும் ஏற்க வேண்டிவரும். சதவீதம் காட்டுவது பொதுவான ஒரு மூதாதை இருந்ததை மட்டுமே. புலி, சிங்கம், சிறுத்தை ஆகியவற்றின் வழி மற்றப் பூனைகளின் வழியிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அன்று பழக்குவதற்கு மனிதன் என்று ஒருவன் இல்லை.

அந்தப் பழைய உறவுக்குச் சாட்சி வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பூனையின் நாக்கிலேயே இருக்கிறது. இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு மரபணுக்களின் கூட்டால் உருவாவது. பூனையிடம் அவற்றுள் ஒன்றின் மரபுக் குறியீட்டில் 247 எழுத்துகள் விடுபட்டுப்போய், அந்த மரபணுவே செயலற்றுக் கிடப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். புலியிலும் சிவிங்கிப்புலியிலும் அதே இடத்தில் அதே குறை. ஆகவே உங்கள் பூனை பாயசத்தை நக்கினால் அது பாலின் கொழுப்புக்காகத்தான். நீங்கள் போட்ட வெல்லம் அதற்குத் தெரியவே தெரியாது.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். நீண்ட கால்களும், குட்டை வாலும், காது நுனியில் சிறிய மயிர்க்கற்றையும் கொண்ட காட்டுப்பூனை, வீட்டுப் பூனையின் பேரினத்தைச் சேர்ந்ததே என்றாலும் வேறொரு இனம். பங்காளி என்று சொல்லலாம். பாட்டன் என்று சொல்ல முடியாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுப் பூனைகளும் காட்டில் வாழ்பவையுமாக 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டது. அதில் எந்த ஊர் வீட்டுப் பூனையானாலும், இஸ்ரேல், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் பாலைகளில் திரியும் காட்டினத்தோடுதான் சேர்ந்து நின்றது. நம் ராஜஸ்தானத்துப் பாலைவனப் பூனை அந்த இனத்தின் இன்னொரு கிளைதான். அதுகூடத் தனியே ஒதுங்கியே நின்றது.

பழகிய கதை மேற்காசியாவில் வேளாண்மையோடு தொடங்குகிறது. தானியத்தைச் சேர்த்து வைத்தார்கள், எலி வந்தது, எலியின் பின்னால் பூனை வந்தது. யாரும் கூப்பிட்டு வந்ததாகத் தெரியவில்லை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி, ஏறத்தாழ எட்டு மாதப் பூனை ஒன்றின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. அந்தத் தீவுக்கென்று சொந்தப் பூனையினம் கிடையாது. ஆக யாரோ ஒருவர் அதைப் படகில் ஏற்றித்தான் கொண்டு வந்திருக்கிறார். அதற்காக அன்றே உலகமெங்கும் வீட்டுப் பூனை பரவிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்து 2025-இல் வெளியான ஆய்வு, இன்றைய வீட்டுப் பூனையின் வழி ஐரோப்பாவை எட்டியது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான், அதுவும் வட ஆப்பிரிக்காவிலிருந்து என்கிறது.

பக்கத்தில் வாழ்ந்தால் போதும், எந்தப் பூனையும் வீட்டுப் பூனையாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். சீனாவில் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் சிற்றூர் ஒன்றில் கிடைத்த எலும்புகளை முதலில் வீட்டுப் பூனை என்றே கொண்டாடினார்கள். பின்னர் எலும்பின் வடிவத்தை நுணுகி அளந்தபோது அது சிறுத்தைப் பூனை என்று தெரிந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிற அதே இனம்தான். நெடுங்காலம் ஊரருகே எலி பிடித்துத் தின்றும் அது கடைசிவரை வீட்டுக்குள் வரவில்லை. இன்று சீனத்து வீடுகளில் இருப்பதும் மேற்கிலிருந்து போன பூனையே.

'சிறிதாக்கியது' என்ற சொல்லும் பொருந்தாது. மூதாதையான அந்தப் பாலைக் காட்டினமே உங்கள் வீட்டுப் பூனையின் அளவுதான். 2014-இல் வீட்டுப் பூனை, காட்டினப் பூனை ஆகியவற்றின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டவர்கள் கண்ட மாற்றங்களும் மிகச் சில. அவை அச்சத்தின் நினைவோடும், வெகுமதி கிடைப்பதைக் கொண்டு கற்றுக்கொள்வதோடும் தொடர்புள்ளவை. சப்பை மூக்கும், மடிந்த காதும், மயிரில்லாத உடலும் பெரும்பாலும் கடந்த 150 ஆண்டுகளில் மனிதர் பொழுதுபோக்காகச் செய்த வேலை.

கடைசியாக ஒன்று. கரும்பு வெட்டும்போது சோகைக்குள் காட்டுப்பூனைக் குட்டிகள் தென்பட்டால், வீட்டுப் பூனையின் மூதாதை என்று வளர்க்க எடுத்து வந்துவிடாதீர்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அந்த மூலையை வெட்டாமல் விட்டு ஆட்கள் விலகிக்கொண்டால், பெரும்பாலும் இருட்டிய பின் தாயே வந்து குட்டிகளைக் கவ்விக்கொண்டு போகும்.