மண்டிக் கணக்கு பைத்தானுக்குள் போகும் முன்

கேள்வி: எங்களுக்கு சந்தூரில் மாங்காய் மண்டி. பில் போடும் மென்பொருளிலிருந்து 6 சீசன் கணக்கை எக்செல்லில் எடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதத்துக்கு ஒன்றாக மொத்தம் 24 கோப்புகள். எந்த ரகம் எந்த வாரத்தில் விலை ஏறுகிறது என்று பைத்தானில் பார்க்க ஆசை. ஆனால் சராசரி தப்பாக வருகிறது, ரகத்தின் பெயர் பாதி இடத்தில் காணவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய மாதிரிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மேலே மூன்று வரி தலைப்பு. அதன் கீழ் இடது ஓரத்தில் ரகங்கள், குறுக்கே 1 முதல் 31 வரை தேதிகள். ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு வரி: முதலில் வரத்து, அடுத்து விலை. கடைசியில் மொத்தம். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்து ஒரே பார்வையில் படிக்க அருமையான அமைப்பு இது. உங்கள் நிரல் தப்பில்லை. மனிதக் கண்ணுக்காகப் போட்ட அட்டவணையை அப்படியே நிரலிடம் கொடுத்ததுதான் சிக்கல்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என் அட்டவணையில் ஒரு வரி என்பது எது? உங்கள் தேவைக்கு, ஒரு நாளில் ஒரு ரகம் என்பதே ஒரு வரி. அதில் நான்கு பத்திகள் போதும்: தேதி, ரகம், வரத்து, விலை. இது முடிவானால் மற்ற வேலையெல்லாம் தானாக வரிசைக்கு வரும்.

அதற்கு முன், உங்கள் மென்பொருளில் மாத அறிக்கை தவிர, பில் வாரியாகக் கணக்கை எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழே சொல்வதில் பாதி வேலை மிச்சம். பழைய ஆண்டுகளுக்கு மாத அறிக்கை மட்டும்தான் கிடைக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள்.

24 கோப்புகளையும் 'அசல்' என்று ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அதில் கை வைக்கவே கூடாது. திருத்தம் எல்லாம் நிரல் வழியாகத்தான். எக்செல்லில் கையால் திருத்தினால், எதை எப்போது மாற்றினோம் என்பது நமக்கே மறந்துவிடும். கோப்பின் பெயரை 2022-05 என்பதுபோல ஆண்டு, மாதம் என்ற வரிசையில் வையுங்கள். உள்ளே நாள் எண் மட்டும்தான் இருப்பதால், ஆண்டையும் மாதத்தையும் இந்தப் பெயரிலிருந்துதான் எடுக்கப் போகிறோம்.

இனி பாண்டாஸ், அதாவது பைத்தானில் அட்டவணைகளைக் கையாள உதவும் நிரல் தொகுப்பு. படிக்கும்போதே மேலே உள்ள மூன்று வரிகளைத் தாண்டச் சொல்லுங்கள். ரகத்தின் பெயர் காணாமல் போகக் காரணம், இரண்டு வரிக்கும் சேர்த்து அந்தக் கட்டத்தை ஒன்றாக இணைத்திருப்பது. இணைத்த கட்டத்தில் முதல் வரியில் மட்டும்தான் பெயர் உண்மையில் இருக்கிறது. 'பெங்களூரா' என்பது வரத்து வரியில் இருக்கும், விலை வரியில் இருக்காது. எஃப்ஃபில் என்ற கட்டளை மேலே உள்ள பெயரைக் கீழே நிரப்பிவிடும். அப்புறம் மெல்ட் கட்டளையால் குறுக்கே கிடக்கும் 31 தேதிகளையும் நெடுக இறக்குங்கள். இப்போது வரத்தும் விலையும் தனித்தனி வரியாக நிற்கும். பிவட் செய்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாகிவிடும். கடைசியில் கோப்பின் பெயரையும் நாள் எண்ணையும் சேர்த்துத் தேதியாக்குங்கள். ஏப்ரலிலும் ஜூனிலும் 31-ஆம் பத்தி வெறுமனே இருக்கும். தேதியாக மாறாதவற்றைக் காலியாக்கச் சொல்லி, அந்த வரிகளை நீக்கிவிடலாம்.

சராசரி தப்புக்கு வருவோம். அல்போன்சா ஐந்து நாள் விலை கிலோவுக்கு 40, 42, 0, 38, 40 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் வரத்தே இல்லை, மென்பொருள் 0 போட்டுவிட்டது. சராசரி 32 வரும். அந்த நாளைக் காலியாக விட்டால் 40. கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம்! வரத்து 0 என்றால் அது உண்மையான தகவல், அப்படியே இருக்கட்டும். விலை 0 என்றால் அது விலையே இல்லை, காலியாக்குங்கள். பாண்டாஸ் சராசரியில் அதைச் சேர்க்காது. சில மாதங்களில் 0-க்குப் பதில் சிறு கோடு இருக்கிறது. அப்படி ஒரு கோடு இருந்தாலே அந்தப் பத்தியை எண்ணாக எடுக்காது, அதையும் காலியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வரத்தும் விலையும் ஒரே வரியில் வந்துவிட்டதால் இன்னொன்றும் சரியாகும். ஒரு நாள் 1 டன் வந்து கிலோ 40-க்குப் போகிறது, அடுத்த நாள் 9 டன் வந்து 20-க்குப் போகிறது. வெறும் சராசரி 30. வரத்தை வைத்துக் கணக்கிட்டால் 22. விவசாயி கையில் சராசரியாகக் கிடைத்தது 22-தான். வார விலை பார்க்கும்போது இந்தக் கணக்கையே எடுங்கள்.

ரகப் பெயர்களை ஒருமுறை பட்டியல் போட்டுப் பாருங்கள். பெங்களூரா, தோத்தாபுரி இரண்டும் ஒரே காய், நிரலுக்கு அது தெரியாது. பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் வேறு ரகம் என்றே எடுக்கும். ஒரு கிடங்குக் கணக்கில் இந்த ஒரு இடைவெளியைத் தேடி நான் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

மொத்தம் என்ற வரியை உடனே தூக்கி எறியாதீர்கள். அதைத் தனியாக எடுத்து வைத்து, நீங்கள் உருவாக்கிய அட்டவணையில் அந்த மாத வரத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வரி எண்ணிக்கையையும் பாருங்கள்: ஏப்ரல் முதல் ஜூலை வரை 122 நாள், 6 ரகம், 6 சீசன் என்றால் 4,392 வரிகள். ஏப்ரல் 31 போன்ற இல்லாத தேதிகளை நீக்கிய பிறகு, ஆனால் வரத்தில்லாத நாட்களை நீக்கும் முன்பே இதை எண்ணுங்கள். 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் பிடிக்காது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மாதிரிக்கு 2022 மே கோப்பு ஒன்றை மட்டும் எடுத்து முதலில் முடியுங்கள். மொத்தம் ஒத்துப்போன பிறகு மீதி 23-ஐயும் அதே நிரலில் ஓட்டுங்கள். எந்தக் கோப்பில் நிற்கிறதோ, அதில்தான் யாரோ கையால் ஒரு வரி சேர்த்திருப்பார்கள்.